ரொட்டிக்குக் கல், முட்டைக்குச் சட்டி

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட லயங்களுக்கு நொன்ஸ்டிக் சட்டி பெரும்பாலும் கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாகத்தான் வந்தது. குவைத், சவூதி, துபாய் என்று வீட்டு வேலைக்குப் போன பெண்கள் ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது, கம்பளி, பால்மா, வாசனைச் சவர்க்காரத்தோடு ஒரு கறுப்புச் சட்டியையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வருவார்கள். வேலை பார்த்த வீட்டுச் சமையலறையில் பொரித்த முட்டை சட்டியில் வழுக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்த கண்கள் அவை. ஊருக்கு வந்த பிறகு அதே சட்டி கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, எரியும் அடுப்பில் ஏறும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னால் அதில் பத்துப் பதினைந்து ரொட்டி சுடுவார்கள். மாலையில் தண்ணீர் விழும் பீலிக்கரையில் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டு ஓங்கித் தேய்ப்பார்கள். சில மாதங்களில் கறுப்பு உரிந்து வெள்ளை தெரியும். "வெளிநாட்டுச் சாமானும் இப்புடித்தானா" என்று சட்டியின் மேல் பழி விழும்.

சட்டியில் குறை இல்லை. அதற்குக் கொடுத்த வேலைதான் பிழை. இதை என் மதினிக்குச் சொல்லி முடிக்க இரண்டு குவளை சாயத்தண்ணி தேவைப்பட்டது. அவர் கேட்ட கேள்விகள் நன்றாக இருந்ததால் அந்த வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன்.

முதல் கேள்வியே ஆளை மடக்கும் கேள்வி. "ஏன் தம்பி, எதுவுமே ஒட்டாத சாமான் சட்டியில மட்டும் எப்புடி ஒட்டிக்கிட்டு நிக்கிது?"

அதற்கு அந்தச் சாமான் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். 1938 ஏப்ரல் 6 அன்று ஐக்கிய அமெரிக்காவின் நியூஜெர்சியில், டுபொண்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ரோய் பிளங்கெட் என்ற இளம் இரசாயனவியலாளர் ஒரு வாயுச் சிலிண்டரைத் திறந்தார். குளிர்சாதனப் பெட்டிக்கான புதிய வாயுவைத் தேடும் வேலை அவருடையது. வால்வைத் திறந்தும் வாயு வரவில்லை. நிறுத்துப் பார்த்தால் சிலிண்டரின் எடை குறையவும் இல்லை. உதவியாளரோடு சேர்ந்து சிலிண்டரை அறுத்துப் பார்த்தார். உள்ளே மெழுகுபோன்ற வெள்ளைத் தூள் படிந்திருந்தது. வாயுவின் மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகிவிட்டன. அந்தத் தூள்தான் பி.டி.எஃப்.இ. டெஃப்லோன் என்பது அதற்கு அந்த நிறுவனம் 1945இல் பதிவுசெய்த வணிகப் பெயர்.

அதற்குள் என்ன விசேஷம்? நடுவில் காபன் அணுக்களின் முதுகெலும்பு, அதைச் சுற்றி இடைவெளி விடாமல் புளோரீன் அணுக்கள். காபனும் புளோரீனும் சேரும் பிணைப்பு சேதன இரசாயனத்தில் மிக வலுவான ஒற்றைப் பிணைப்பு. அந்தப் புளோரீன் போர்வைக்கு வேறு எதோடும் உறவு வைத்துக்கொள்ள விருப்பமில்லை. முட்டை ஏன் வெறும் அலுமினியச் சட்டியில் பிடிக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். சூடு பட்டதும் முட்டையின் புரதம் சுருள் அவிழ்ந்து, உலோகப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குள் இறங்கி, அங்கேயே பிணைந்து இறுகிவிடும். பி.டி.எஃப்.இ பூசிய பரப்பில் அதற்குப் பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காது.

அப்படியானால் பூச்சு உலோகத்தில் நிற்பது எப்படி? மதினியின் கேள்விக்கு இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் வரை யாரிடமும் நல்ல விடை இல்லை. அணுகுண்டுத் திட்டத்தில், எதையும் அரித்துவிடும் யுரேனியச் சேர்மத்தைக் கையாளும் குழாய்களுக்கு இந்தப் பொருளைப் பயன்படுத்தினார்கள். அடுப்படிக்கு அது வரவில்லை. 1950களில் பிரான்சில் மார்க் கிரெகுவார் என்ற பொறியியலாளர் தூண்டில் சாமான்களுக்கு இதைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருடைய மனைவி கொலெட், மீன் பிடிக்கிற சாமானுக்குப் பூசுவதைச் சமைக்கிற சட்டிக்குப் பூசக்கூடாதா என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1954இல் கிரெகுவார் காப்புரிமை கேட்டார், 1956இல் தெஃபால் நிறுவனம் பிறந்தது. டெஃப்லோனின் முன்பாதியும் அலுமினியத்தின் முன்பாதியும் சேர்ந்த பெயர் அது.

அவர் கண்ட வழி எளிமையானது. அலுமினியத்தை அமிலத்தால் அரித்து நுண்ணிய பள்ளங்கள் உண்டாக்கினார். பூச்சை அதன்மேல் இட்டுச் சூளையில் சூடாக்கினார். இளகிய பூச்சு பள்ளங்களுக்குள் இறங்கி ஆறியதும் வேரோடியதுபோல் மாட்டிக்கொண்டது. இரசாயனமாக ஒட்டவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். இப்போது மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, அடிப்பூச்சு ஒன்று, மேற்பூச்சு ஒன்றோ இரண்டோ என்று அடுக்குகிறார்கள். எல்லா அடுக்கும் சேர்ந்தாலும் பொதுவாக ஒரு தலைமுடியின் தடிப்புக்கு மேல் வராது. இந்தத் தடிப்பை நினைவில் வைத்திருந்தால், தும்பு போட்டுத் தேய்க்கக் கை வராது.

மதினி குவளையை வைத்துவிட்டு, "கீறினாத்தான் கெட்டுப்போகுமா?" என்றார்.

கீறலும் கெடுக்கும். ஆனால் சூட்டுக்கு அடுத்த இடம்தான் அதற்கு. பி.டி.எஃப்.இ ஏறத்தாழ 327 பாகை செல்சியசில் உருகும். 260 பாகைக்கு மேல் போகவிடாதீர்கள் என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் எல்லை. அதைத் தாண்டினால் பூச்சு மெல்ல இளகி, பிடி தளரத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் சிதைந்து ஆவியாகும். சட்டிக்குள் சாப்பாடு இருக்கும்வரை இந்த எல்லை தூரத்தில்தான் இருக்கிறது. ஈரம் உள்ள எதுவும் கொதிநிலையைத் தாண்டி இலகுவில் போகாது. ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரிலோ தண்ணீர் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடும். வெறும் சட்டிக்கு அந்தக் காவல் இல்லை. பெரிய சுவாலையில் வெறுமையாக வைத்துவிட்டு வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் மெல்லிய சட்டி 300 பாகையைத் தொட்டுவிடும்.

இப்போது ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் குழைத்துத் தட்டிய எங்கள் ரொட்டி எண்ணெய் கேட்காது. காய்ந்த பரப்பும் கடும் சூடும்தான் அதற்கு வேண்டும். ஒரு ரொட்டியை எடுத்து அடுத்ததைத் தட்டிப் போடும் இடைவெளியில் சட்டி வெறுமையாகக் காய்ந்துகொண்டிருக்கும். அடியிலே மிலாறு எரிகிறது. விறகுச் சுவாலை 600 பாகையிலிருந்து ஆயிரம் வரை போகக்கூடியது, அதிலும் ஓரிடத்தில் நாக்கு நீட்டும், இன்னோரிடத்தில் அடங்கிக் கிடக்கும். கேஸ் அடுப்புபோல் திருகிக் குறைக்கவும் முடியாது. நொன்ஸ்டிக் சட்டிக்கு ஆகாத எல்லாவற்றையும் ஒரே வேலைக்குள் சேர்த்து வை என்று யாராவது கேட்டிருந்தால்கூட, லயத்து ரொட்டியை விடப் பொருத்தமாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

2022இல் இது ஊர் முழுக்க நடந்தது. கேஸ் கிடைக்கவில்லை. 12.5 கிலோ சிலிண்டரின் விலை அந்த ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு ஏறியது, ஏறிய விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. டவுனில் கேஸ் அடுப்புக்குப் பழகிய வீடுகளும் பின்புறத்தில் மூன்று கல் வைத்து விறகு மூட்டின. அப்போது கையில் இருந்தது நொன்ஸ்டிக் சட்டிதான். கைப்பிடி உருகி, அடி நெளிந்து, பூச்சுப் பொரிந்த சட்டிகள் அந்த வருடத்தில் ஏராளம். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

"அந்தக் கறுப்பு வயித்துக்குள்ள போனா புத்துநோய் வரும்னு சொல்றாங்களே?" இதைக் கேட்கும்போது மதினியின் குரல் தாழ்ந்தது. வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றும் கதையும் இதுதான். ஒரே பயத்துக்குள் மூன்று வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

உரிந்த துணுக்கு ஒன்று சோற்றோடு வயிற்றுக்குள் போனால், அது எதோடும் சேராத பொருள் என்பதால் சமிக்காமல் அப்படியே வெளியேறும். எதோடும் சேராது என்ற அதே குணம் இங்கே நமக்குச் சாதகம்.

புகை வேறு விடயம். கடுமையாகக் காய்ந்த சட்டியிலிருந்து வரும் ஆவியை மூச்சில் இழுத்தால் சில மணிநேரத்தில் காய்ச்சல், நடுக்கம், இருமல், நெஞ்சு இறுக்கம் வரலாம். தடிமன் காய்ச்சல்போலத் தோன்றி, பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். கூண்டுப் பறவைகளுக்கு அந்தக் கருணையும் இல்லை. அவற்றின் நுரையீரல் அமைப்பு வேறு, அடுத்த அறையில் இருந்தாலும் செத்துப்போகும். கிளி வளர்ப்பவர்கள் கூண்டை அடுப்படிப் பக்கம் மாட்டக்கூடாது. லயக் காம்பராவில் சமையலும் படுக்கையும் ஒரே கூரைக்கடியில், சன்னல் சிறியது, குளிருக்காக அதையும் சாத்தி வைக்கிறோம். வெறும் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டுப் போவது மற்ற வீடுகளில் கவனக்குறைவு என்றால், இங்கே அதைவிடப் பெரிய தவறு.

மூன்றாவது, பி.எஃப்.ஓ.ஏ என்ற இரசாயனம். பயம் எல்லாம் பிறந்த இடம் இதுதான், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பி.டி.எஃப்.இ தயாரிப்பில் துணைப்பொருளாகப் பயன்பட்டது அது. முடிந்த சட்டியில் மிஞ்சுவது மிகச் சொற்பம். ஆலையைச் சுற்றி இருந்தவர்கள் கதை அப்படி இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே டுபொண்ட் ஆலைக் கழிவுகளால் தன் மாடுகள் சாகின்றன என்று வில்பர் டெனன்ட் என்ற விவசாயி முறையிட்டார். ரொப் பிலொட் என்ற சட்டத்தரணி அந்த வழக்கை எடுத்து, குடிநீரில் அந்த இரசாயனம் கலந்த கதையை வெளியே கொண்டுவந்தார். பிறகு அமைக்கப்பட்ட விஞ்ஞானிகள் குழு சிறுநீரகப் புற்று, விதைப் புற்று, தைரொயிட் நோய் உட்பட ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று முடிவு செய்தது. 2017இல் 3,500க்கு மேற்பட்ட வழக்குகள் 671 மில்லியன் டொலருக்குத் தீர்க்கப்பட்டன. முக்கிய தயாரிப்பாளர்கள் 2015 உடன் அதைக் கைவிட்டார்கள். 2019இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையும் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2023இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் வைத்தது.

ஆகவே இன்று பெட்டியில் 'பி.எஃப்.ஓ.ஏ இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், மற்றவர்களும் நிறுத்திவிட்ட ஒன்றைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். விவாதம் அதோடு முடியவில்லை. அதற்குப் பதிலாக வந்தவையும் அதே குடும்பம், மண்ணிலும் தண்ணீரிலும் இலகுவில் அழியாதவை. மினசோட்டா மாநிலம் 2025 தொடக்கத்திலிருந்து அந்தக் குடும்ப இரசாயனங்கள் வேண்டுமென்றே சேர்த்த சமையல் பாத்திரங்களின் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. பிரான்ஸ் இயற்றிய சட்டத்திலோ உடுப்புக்கும் ஒப்பனைப் பொருளுக்கும் தடை வந்தது, சட்டிக்கு விலக்குக் கிடைத்தது. அங்கே சட்டி ஆலைத் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்து குரல் கொடுத்தார்கள். தொழிலையும் நஞ்சையும் ஒரே தராசில் நிறுக்கிற கஷ்டம் தேயிலைக்கு மருந்து அடித்துப் பிழைக்கிற எங்களுக்கு விளங்காததல்ல.

சரி, வாங்கத்தான் போகிறோம் என்றால் எதைப் பார்ப்பது? பூச்சின் பெயரைப் பார்க்க வேண்டாம். 'கிரானைட்', 'மார்பிள்' என்று புள்ளி புள்ளியாக வருவதில் கல் எதுவும் கிடையாது. பெரும்பாலும் அதே பி.டி.எஃப்.இக்கு அலங்காரப் புள்ளி வைத்தது. 'செராமிக்' என்பது மட்டும் வேறு வகை. மணலின் மூலப்பொருளான சிலிக்காவிலிருந்து வடிக்கும் பூச்சு, புளோரீன் இல்லை, கூடுதல் சூட்டைத் தாங்கும், நச்சுப்புகைப் பயமும் இல்லை. அதன் குறை, வழுக்கும் தன்மை சீக்கிரம் போய்விடும். ஒரு வருடம் கழித்து முட்டை பிடிக்கத் தொடங்கினால் ஏமாந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம், அதன் இயல்பு அது.

பார்க்க வேண்டியது அடி. கையில் தூக்கும்போது கனம் தெரிய வேண்டும். மூன்று மில்லிமீற்றர் அளவில் அடி இருந்தால் சூடு பரவலாக ஓடும், நெளியாது. சட்டியைக் கவிழ்த்து ஓர் அடிமட்டத்தையோ பழைய பஸ் டிக்கட்டின் ஓரத்தையோ வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் வேண்டாம். உட்புறத்தை வெளிச்சத்துக்குக் காட்டிச் சாய்த்தால் குமிழோ திட்டோ இருந்தால் தெரிந்துவிடும். கைப்பிடி ஆணி ஆடக்கூடாது. கரண்ட் அடுப்பில், அதாவது இன்டக்ஷனில் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள், அடியில் அது பிடிக்காவிட்டால் அந்த அடுப்பில் சட்டி சூடாகாது. நாலு பேர் வீட்டுக்கு 24 சென்டிமீற்றர் போதும். அளவு கூடினால் நெருப்பு எட்டாத ஓரம் கூடும். விலையில் உச்சிக்குப் போகாதீர்கள். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. உச்சவிலைச் சட்டிக்கு அதில் பல நாள் போய்விடும். எவ்வளவு கொடுத்தாலும் பூச்சு தேயும் பொருள்தான், நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு வருடம். நடுவிலையில் கனமான ஒன்று என்பதே என் கணக்கு.

பராமரிப்பில் முக்கால்வாசியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்: சூட்டை அடக்குங்கள். அடுப்பில் வைக்கும்போதே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுவிடுங்கள், வெறும் சட்டி என்ற நிலையே வராது. எண்ணெய் உங்களுக்கு வெப்பமானியும் ஆகும். நம் தேங்காயெண்ணெய் 175, 180 பாகை அளவில் புகையத் தொடங்கும். பூச்சின் எல்லைக்கு அது வெகு கீழே, ஆகவே புகை கண்டதும் குறைத்தால் சட்டி தப்பும். சிரட்டை அகப்பை எங்கள் ஊரில் இன்னும் கிடைக்கிறது, இந்தச் சட்டிக்கு அதைவிட நல்ல கரண்டி கடையில் இல்லை.

மலைநாட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. பீலித் தண்ணீர் விறைக்கும் குளிர். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே பீலிக்கடியில் பிடித்தால் 'சுர்ர்' என்று கேட்கும் அந்தச் சத்தத்தோடு அலுமினியம் ஒரேயடியாகச் சுருங்கும், அதற்கு மேலிருக்கும் பூச்சு அதே அளவில் சுருங்காது. அடி நெளிவதும் பூச்சு விடுவதும் இப்படித்தான். கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். மென்மையான பஞ்சு, கொஞ்சம் சவர்க்காரம் போதும். சாம்பல், மணல், தும்பு, கம்பி நார் நாலும் வேண்டாம். எண்ணெய் கருகிப் பழுப்புப் படலம் பிடித்திருந்தால் சுடுநீரில் ஒரு கரண்டி அப்பச்சோடா கரைத்து ஊறவைத்துத் துடையுங்கள். பூச்சு போய்விட்டது என்று பலர் நினைப்பது பல நேரம் இந்தப் படலத்தைத்தான். அடுக்கி வைக்கும்போது இடையில் ஒரு பழந்துணி.

"அப்ப ரொட்டிக்கு?" என்றார் மதினி, சட்டியை மடியில் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

ரொட்டிக்கு உங்கள் மாமியாரின் இரும்புக் கல் இருக்கிறதே. அதன் கறுப்பும் ஒரு நொன்ஸ்டிக் பூச்சுத்தான், அடுப்படியிலேயே வளர்ந்த பூச்சு. இரும்பில் மெல்லிதாகத் தடவிய எண்ணெய் சூட்டில் மூலக்கூறு மூலக்கூறாகக் கோத்துக்கொண்டு கடினமான படலமாகிறது. பிளங்கெட்டின் சிலிண்டருக்குள் வாயு கோத்துக்கொண்டதும் இந்த இனத்து வேலைதான். தேங்காயெண்ணெய் இதற்கு அவ்வளவு உதவாது, நல்லெண்ணெய் மேல். துரு பிடித்திருந்தால் தேய்த்துக் கழுவி, நெருப்பில் ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் தடவித் துடைத்து, புகை அடங்கும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். நாலைந்து தடவை செய்தால் கல் பழகிவிடும். பூச்சு போனால் மறுபடி பூசலாம், அந்த வசதி கடைச் சட்டிக்கு இல்லை. விறகு, கேஸ், கரண்ட் எதற்கும் அது பயப்படாது. புளி மட்டும் அதில் கொதிக்க வேண்டாம், படலத்தைக் கரைத்துவிடும்.

என் தீர்ப்பு இதுதான்: இரும்புக் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு நொன்ஸ்டிக் வாங்குவது நட்டம். கல் இருக்கும் வீட்டில், கேஸ் அடுப்பும் இருந்தால், முட்டைக்கும் மீன் துண்டுக்கும் பிள்ளைகளின் மெல்லிய தோசைக்கும் ஒரு சின்னச் சட்டி வசதிதான். விறகு அடுப்பு மட்டும் உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

உரிந்து முடிந்த சட்டியை என்ன செய்வது என்பதும் கேட்கப்படும். புளிக்குழம்பு வைக்காதீர்கள், வெறும் அலுமினியத்தைப் புளி அரிக்கும். பழைய சாமான் வாங்க வருபவர் அலுமினியத்துக்குக் காசு கொடுப்பார். கூடுதல் விலைக்காகப் பூச்சை எரித்துக் கழற்றலாம் என்று மட்டும் அதை நெருப்பில் போடாதீர்கள். நான் மேலே சொன்ன நச்சுப்புகை மொத்தமாக வருவது அப்போதுதான். கழுவி, அப்படியே கொடுத்துவிடுங்கள்.